ஆச்சி வீட்டுக் கோடை: பிள்ளைகளை அனுப்பலாமா, வேண்டாமா?

கேள்வி, 6 ஏப்ரல் 2024

என் மகனுக்கு 4 வயது. போன வருடம் மே மாதம் முழுக்க ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டோம். திரும்பி வந்தபோது தானாகச் சாப்பிடுவதை மறந்திருந்தான். கைபேசியைக் காட்டினால்தான் வாயைத் திறந்தான். இரவு 11 மணிக்கு முன்னால் தூங்கவில்லை. பழைய வழிக்குக் கொண்டுவர ஆகஸ்ட் ஆகிவிட்டது. பெரியவர்கள் பாசத்தில் பிள்ளைகளைக் கெடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் நான் கண்டது. இந்த வருடம் அனுப்பப் போவதில்லை. உங்கள் வீட்டில் எப்படி?

7 ஏப்ரல் 2024, காலை

எங்கள் வீட்டிலும் இதே கதை. மகளுக்கு 7, மகனுக்கு 4. என் அம்மா அப்பா இருப்பது திருநெல்வேலிப் பக்கம் கல்லிடைக்குறிச்சியில். நாங்கள் இரண்டு பேரும் சென்னையில் வேலை பார்க்கிறோம். கோடை விடுமுறையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. போன வருடம் ஐந்து வாரம் அங்கே விட்டிருந்தோம்.

வந்ததும் நான் கண்டது: மகன் தட்டைத் தொடமாட்டான், ஊட்ட வேண்டும். மகள் காலையில் காப்பி கேட்டாள். ஆச்சி பால் நிறைய விட்டு ஒரு சொட்டு டிகாஷன் கலந்து கொடுத்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் மத்தியானம் கைபேசி பழகியிருந்தது. இந்த முறை அனுப்பத்தான் போகிறேன், ஆனால் கையில் ஒரு பட்டியலும் சேர்த்து அனுப்புகிறேன். என்ன சாப்பிடலாம், எப்போது தூங்க வேண்டும், கைபேசி எவ்வளவு நேரம் என்று 11 வரி. அச்சடித்து அம்மா வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டப்போகிறேன்.

கேட்டவர் சொல்வது சரி என்றே நினைக்கிறேன்.

7 ஏப்ரல் 2024, இரவு

ஒரு திருத்தம். ஐந்து வாரம் என்று எழுதியிருந்தேன். என் கணவர் பழைய டிக்கெட்டைத் தேடிப் பார்த்து 24 நாள் என்கிறார். எனக்கு அவ்வளவு நீளமாக இருந்திருக்கிறது.

21 ஏப்ரல் 2024

வெள்ளிக்கிழமை ஓட்டுப் போட்டுவிட்டு, நேற்று இரவு எழும்பூரில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி இன்று காலை வந்து சேர்ந்தோம். திருநெல்வேலியில் செங்கோட்டை வண்டி மாறினோம்.

டிக்கெட் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 5 வயதுக்குக் கீழே படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். 5 முதல் 11 வயது வரை படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதி. பாதிக்கு ஆசைப்படாதீர்கள். ராத்திரி முழுக்க ஒரே படுக்கையில் 7 வயதுப் பிள்ளையையும் 4 வயதுப் பிள்ளையையும் போட்டுக்கொண்டு யாரும் தூங்க முடியாது. முன்பதிவு 120 நாளுக்கு முன்னால் திறக்கிறது, மே மாதத்துக்கு ஜனவரியிலேயே உட்கார வேண்டும்.

போன வருடம் நான் வீட்டுக்குக்கூட வரவில்லை. திருநெல்வேலி நிலையத்தில் அப்பாவிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு அன்று மாலையே திரும்பிவிட்டேன். இந்த முறை இரண்டு வாரம் இங்கிருந்தே வேலை பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் ஆச்சி வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பட்டியலை ஒட்டிவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் அம்மா மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் பார்த்துப் பார்த்து, பால் கணக்கு எழுதும் தினசரி நாட்காட்டியின் பின்னட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள். "பொடி எழுத்தா இருக்குளா, அவசரத்துக்குத் தெரியாது" என்றாள். அச்செழுத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

24 ஏப்ரல் 2024

சாப்பாட்டைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். ஊட்டிவிடுகிறார்கள் என்று குறை சொன்னேன் இல்லையா? அது எப்படி நடக்கிறது என்று பார்த்தேன். பட்டாசலில் (கூடத்தில்) பிள்ளைகளை அரைவட்டமாக உட்கார வைக்கிறாள். ஒரு பெரிய கிண்ணத்தில் சோற்றைப் பிசைந்து, உருண்டை உருட்டி ஆளுக்கொன்றாக உள்ளங்கையில் வைக்கிறாள். வாயில் போட்டுக்கொள்வது பிள்ளைகள்தான். அடுத்த உருண்டைக்குக் கை நீட்ட வேண்டுமென்றால் முதல் உருண்டை தீர்ந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவனும் வந்து உட்கார்ந்துவிடுகிறான். சென்னையில் மூன்று வகைக் காய் வைத்தாலும் தள்ளிவிடும் என் மகன் நேற்று சுண்டைக்காய் வற்றல் குழம்புச் சோறு ஒன்பது உருண்டை சாப்பிட்டான். நான் எண்ணினேன்.

சென்னைக்கு வந்து அவன் தட்டைத் தொடாததற்குக் காரணம், சோம்பல் என்று நினைத்திருந்தேன். கூட உட்கார ஆள் இல்லாமல் ஒற்றைத் தட்டு முன்னால் உட்காருவது அவனுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. நிச்சயமாகத் தெரியாது. ஆனால் "ஊட்டினால்தான் சாப்பிடுகிறான்" என்று முதலில் எழுதிய வாக்கியத்தை நான் அப்படியே மறுபடி எழுதமாட்டேன்.

இன்று கூழ்வற்றல் போட்டோம். அதிகாலையில் கூழ் கிண்டி, 6 மணிக்கெல்லாம் மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து ஊற்றிவிட வேண்டும். வெயில் ஏறினால் மாடியில் கால் வைக்க முடியாது. காக்கா ஓட்டும் வேலை பிள்ளைகளுக்கு. தென்னை ஈர்க்கில் கறுப்புத் துணி கட்டிக் கொடுத்தார் அப்பா. காக்கா தின்றதைவிட, பாதி காய்ந்ததை இவர்கள் பிய்த்துத் தின்றது அதிகம். நானும் என் தம்பியும் இதே மாடியில் செய்ததுதான்.

24 ஏப்ரல் 2024, மத்தியானம்

கைபேசி விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். தினமும் 2 மணியிலிருந்து 4 மணி வரை கொடுக்கிறாள். பட்டியலில் அரை மணி என்று போட்டிருக்கிறேன். கோபமாக இருக்கிறது. சாயங்காலம் பேசப்போகிறேன்.

29 ஏப்ரல் 2024

பேசினேன். இரண்டு நாள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன்.

அம்மாவுக்கு 66 வயது. வலது முழங்காலில் தேய்மானம். காலை நாலரைக்கு எழுந்திருக்கிறாள். வாசல் தெளித்துக் கோலம், பால், காப்பி, பிள்ளைகளுக்குப் பல் துலக்கல், இட்லி, குளிப்பாட்டல், துணி, மத்தியானச் சமையல், உருட்டிக் கொடுத்தல், பாத்திரம். நான் அரங்குவீட்டில் (உள்ளறையில்) கணினியோடு உட்கார்ந்திருக்கிறேன். நான் இருப்பதால் அவள் வேலை குறையவில்லை. எனக்கும் சேர்த்துச் சமைக்கிறாள், அவ்வளவுதான்.

"ரெண்டு மணி நேரம் போனைக் கொடுத்தால் கண் என்னத்துக்கு ஆகும், தூக்கம் என்னத்துக்கு ஆகும்" என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். அவள் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. நாட்காட்டியைத் திருப்பி, அவள் எழுதி வைத்திருந்த 11 வரியிலும் விரலை ஓட்டிவிட்டு, "இதுல நான் எப்பம் ஒறங்கணும்னு எழுதலையேளா" என்றாள்.

எனக்குப் பதில் இல்லை.

அந்த இரண்டு மணி நேரம்தான் அவள் தார்சாவில் (வாசலை ஒட்டிய முன்கட்டில்) பாயை விரித்துக் காலை நீட்டிப் படுக்கும் நேரம். கைபேசி பிள்ளைகளுக்காகக் கொடுத்ததில்லை. அவள் முதுகு தரையில் படுவதற்காகக் கொடுத்தது. கேட்டவர் "பாசத்தில் கெடுக்கிறார்கள்" என்று எழுதியிருந்தார், நானும் தலையாட்டினேன். களைப்பு என்ற வார்த்தை என் 11 வரியிலும் இல்லை, அவர் கேள்வியிலும் இல்லை. இப்போது எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது.

30 ஏப்ரல் 2024

"அப்படியானால் கைபேசி கொடுப்பது சரி என்கிறீர்களா" என்று ஒருவர். இல்லை. இன்று முதல் 2 முதல் 4 வரை பிள்ளைகள் என் பொறுப்பு. அலுவலகத்தில் அந்த நேரத்தை அடைத்துவிட்டேன், இரவில் ஈடுகட்டிக்கொள்கிறேன். பல்லாங்குழி எடுத்தோம், பழைய சோழி ஒரு டப்பா நிறைய கிடைத்தது. மகளுக்குக் கணக்கு புரிகிறது. மகன் சோழியை வரிசையாக அடுக்கிப் படுக்க வைத்துப் போர்த்திவிடுகிறான். இரண்டு பேரும் தூங்குவதில்லை, ஆனால் அம்மா தூங்கினாள். குறட்டை கேட்டது.

3 மே 2024

நாளை அக்னி நட்சத்திரம் தொடக்கம். மே 28 வரை. காலை 10 மணிக்கு மேல் மாலை 4 வரை பிள்ளைகளை வெளியே விடுவதில்லை என்பதில் ஆச்சிக்கும் எனக்கும் வேறுபாடே இல்லை. நுங்கு வருகிறது, நாலு பக்கத்திலும் ஈ மொய்க்காமல் வீட்டிலேயே சீவித் தின்கிறோம்.

என் பட்டியல் 11 வரியிலிருந்து 4 வரியாகிவிட்டது. காப்பி, தூக்க நேரம், சீனி, எண்ணெய்ப் பலகாரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். அவள் வீடு, அவள் அடுக்களை. ஒரு மாதம் இரவு 10 மணிக்குத் தூங்கினால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது. புதிதாகச் சேர்த்த நான்கில் மட்டும் நான் இறங்கிவர மாட்டேன். அவையும் நானாக யோசித்ததில்லை, வீட்டைச் சுற்றி வந்தபோது கண்ணில் பட்டவை.

மாத்திரை. அப்பாவுக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. மாத்திரைகளைச் சாப்பாட்டு மேசையில் திறந்த எவர்சில்வர் டப்பாவில் வைத்திருப்பார், மறக்காமல் இருக்க. கிளிமிபிரைட் போன்ற சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று சிறு பிள்ளையின் வயிற்றுக்குள் போனாலும் இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்தும் இறங்கலாம். அதனால் தின்றானோ என்ற சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இப்போது டப்பா பீரோவுக்குள். மறக்காமல் இருக்க அவர் கைபேசியில் அலாரம் வைத்துக் கொடுத்தேன்.

கற்பூரம். பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில், கற்கண்டு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டும் வெள்ளைக் கட்டி, பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. கற்பூரத்தைக் கொஞ்சம் விழுங்கினாலே சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டோம்.

மூன்றாவது புறவாசல் தண்ணீர்த் தொட்டி. மூடியில்லாமல் இருந்தது. அப்பா ஆசாரியை வரவழைத்துப் பலகை மூடி போட்டுவிட்டார், ஒரே நாளில். நான் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "இத்தனை நாள் எனக்குத் தோணலையேம்மா" என்றார்.

நான்காவது ஆறு. அதைப் பிறகு எழுதுகிறேன்.

4 மே 2024

கைக்குழந்தை இருப்பவர் கேட்டார், சேனை வைப்பது (பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்புத் தடவுவது) பற்றி. தேன் ஒரு வயது முடியும்வரை நாக்கில்கூடத் தடவ வேண்டாம். அதிலுள்ள ஒருவகைக் கிருமி அந்த வயதுக் குடலில் வளர்ந்து நரம்பைத் தளர்த்திவிடக்கூடும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும் வேண்டாம், நுரையீரலுக்குள் போகும். மற்றபடி எண்ணெய்க் குளியல் நன்றாகச் செய்யட்டும். என் மகளுக்கு அம்மா கால்மேல் போட்டுக் குளிப்பாட்டியதை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமையாக இருக்கிறது. எனக்கு அந்தக் கை வரவே இல்லை.

12 மே 2024

நான் சென்னை வந்து ஒரு வாரம் ஆகிறது. பிள்ளைகள் அங்கே. தம்பியும் மதினியும் கோயம்புத்தூரிலிருந்து தங்கள் இரண்டு பிள்ளைகளோடு வந்திருக்கிறார்கள், ஆக நான்கு. மதினி இருப்பதால் அம்மாவின் மத்தியானத் தூக்கம் நடக்கிறதாம். கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

கிளம்பும்போது மகன் அழுவான் என்று பயந்து, அவன் தூங்கும்போது போய்விடலாம் என்று நினைத்தேன். அப்பா தடுத்துவிட்டார். "சொல்லிட்டுப் போ, இல்லேன்னா நாளைக்கு நீ கொல்லைக்குப் போனாலும் பின்னாலயே வருவான்" என்றார். சொன்னேன். அழுதான். வண்டி தெரு முக்கு திரும்பும்வரை கேட்டது. அடுத்த நாள் வீடியோவில் என்னைப் பார்த்ததும் மறுபடி அழுகை. மூன்றாம் நாளிலிருந்து, அவன் விளையாடிக்கொண்டிருக்கும் மாலை நேரத்தில் கூப்பிடாமல் காலைச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டேன். அது நன்றாகப் போகிறது. படுக்கப்போகும் நேரத்தில் மட்டும் கூப்பிடாதீர்கள். அழுத பிள்ளையைத் தூங்கவைக்கும் பாடு அங்கே இருப்பவர்களுக்கு.

வேறொன்று. தம்பி மகனுக்கு 9 வயது. என் மகள் அவனை "அண்ணா" என்கிறாள். அம்மா ஒவ்வொரு முறையும் "அண்ணன்னு சொல்லாதட்டி, அத்தான்னு சொல்லு" என்று திருத்துகிறாள். எனக்கு இது பிடிக்கவில்லை. 7 வயதுப் பிள்ளைக்கு எதற்கு முறைப்பேச்சு? பெரியவர்கள் "கட்டிக்கிடுவியா" என்று கேலி செய்வதில் போய் முடியும்.

14 மே 2024

மேலே எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். அம்மாவிடம் கேட்டேன். "நான் கட்டிவைக்கவா சொல்லுதேன்? ஒன் தம்பி அவளுக்கு மாமா, மதினி அத்தை. அப்பம் அவன் அத்தான்தான? நாளைக்கு யாரு யாருக்கு என்ன முறைன்னு பிள்ளைக்குத் தெரியாண்டாமா" என்றாள். அவளுக்கு அது உறவுக் கணக்கு, பல்லாங்குழி மாதிரி. கேலி செய்தது பக்கத்து வீட்டு ஆச்சி மட்டும்தான், அவளை அம்மாவே அதட்டிவிட்டாளாம். சரி. கேலி கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். முறை தெரிந்துகொள்ளட்டும். பிள்ளைகள் அதற்குள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

18 மே 2024

நேற்றுப் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போய்விட்டது. செய்தியைப் பார்த்ததிலிருந்து கை நடுங்குகிறது. அருவியில் நின்றவர்களுக்கு மேலே மழை பெய்தது தெரிந்திருக்காது. கீழே தண்ணீர் சாதாரணமாகத்தான் இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் அப்பா தினமும் சாயங்காலம் பிள்ளைகளைத் தாமிரபரணிக்குக் கூட்டிப்போவார். நானும் தம்பியும் நீச்சல் பழகிய படித்துறை. அந்த நினைவு எனக்கு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் போன டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம் ஆற்றின் அடியையே மாற்றிவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழைதான். எங்கள் படித்துறையில் கடைசிப் படிக்குக் கீழே முன்பு என் முழங்கால் அளவு மணல்திட்டு இருக்கும். ஏப்ரலில் நான் இறங்கியபோது இடுப்பு வரை போனது. அப்பா நாற்பது வருடமாக அறிந்த ஆறு இப்போது அங்கே இல்லை. அவருக்கு 71 வயது, போன வருடம்தான் கண்புரை எடுத்தார். நான்கு பிள்ளைகளை ஒற்றை ஆளாக ஆற்றில் விட்டுக்கொண்டு நிற்கிறார். அணையில் வேறு சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருப்பார்கள்.

உடனே கூப்பிட்டு ஆறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் கத்தினேன்.

19 மே 2024

அப்பா திருத்தினார். பாபநாசம் அணையில் கார் பருவ நெல் சாகுபடிக்குத் திறப்பது வழக்கமாக ஜூன் 1. இப்போது ஆற்றில் வருவது குடிநீருக்கும் மின் உற்பத்திக்கும் விடுகிற தண்ணீர், அதோடு இப்போது பெய்யும் கோடை மழை. மின் நிலையத்தில் விடும் அளவைப் பொறுத்து ஒரே நாளில் மட்டம் மாறும் என்பதும் அவர் சொன்னதுதான். ஆக நான் காரணத்தைத் தப்பாகச் சொன்னேன். பயம் தப்பில்லை.

அவரே ஒரு ஏற்பாடு சொன்னார். பெரியவர்கள் எத்தனை பேரோ அத்தனை பிள்ளைகள்தான் ஒரு நேரத்தில் தண்ணீரில். மற்றவர்கள் படியில். கை நீட்டினால் தொடும் தூரம். மலைப்பக்கம் மேகம் கறுத்திருந்தாலோ தண்ணீர் கலங்கி வந்தாலோ அன்று ஆறு கிடையாது. தம்பியும் போவான். மதினிக்கு நீச்சல் தெரியாது, அதனால் அவள் கணக்கில் வரமாட்டாள். "ஆத்தை வேண்டாம்னு மட்டும் சொல்லாதம்மா, நான் பிள்ளைகளுக்குக் குடுக்க அதுதான் இருக்கு" என்றார். ஒத்துக்கொண்டேன்.

2 ஜூன் 2024

பள்ளி திறப்பு ஜூன் 6 என்றிருந்தது, வெயிலால் 10 என்று தள்ளிவிட்டார்கள். போன வருடமும் இப்படித்தான், ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு ஜூன் 14 வரை இழுத்தது.

உண்மையைச் சொல்கிறேன். செய்தி பார்த்ததும் முதலில் வந்தது நிம்மதி, இன்னும் நான்கு நாள் கிடைத்ததே என்று. அம்மாவைக் கூப்பிட்டு, "ஒரு நாலு நாள் கூட இருக்கட்டுமாம்மா" என்றேன். "இருக்கட்டும்ளா, அதுக்கென்ன" என்றாள். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் தாமதித்தாள். தம்பி குடும்பம் மே 26 அன்றே கிளம்பிவிட்டது. ஒரு வாரமாக அவள் தனி ஆள்.

போன ஏப்ரல்வரை அந்தத் தாமதம் எனக்குக் கேட்டிருக்காது. இன்று இரவு ரயில் ஏறுகிறேன். தட்கலில் கிடைத்தது.

20 ஜூன் 2024

திரும்பி வந்து 13 நாள். கேட்டவருக்காகக் கணக்கு வைத்திருந்தேன். தூக்க நேரம் பழையபடி ஆக 9 நாள். காப்பியை மகள் இரண்டு நாள் கேட்டாள், மறந்துவிட்டாள். கைபேசி பிரச்சினை வரவில்லை, மத்தியானம் அது பழகாததால் இருக்கலாம். மகன் தானாகச் சாப்பிடுகிறான், நாங்கள் நான்கு பேரும் தரையில் ஒன்றாக உட்கார்ந்தால். மேசையில் தனியாக வைத்தால் இன்னமும் மாட்டேன் என்கிறான். ஆகஸ்ட் வரை போகவில்லை.

அம்மாவுக்கு எத்தனை நாள் ஆயிற்று என்றும் கேட்டேன். முதலில் சிரித்தாள். பிறகு முழங்கால் வீக்கம் இறங்கப் பத்து நாள் ஆனது என்றாள். வீடு ரொம்ப வெறிச்சென்று இருக்கிறது என்றும் அதே மூச்சில் சொன்னாள். இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் அடுத்த வருடத்தை யோசிக்க வேண்டும்.

9 மார்ச் 2025

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி வந்து, இந்த வருடம் பெரியவர்களையே தன் வீட்டுக்கு அழைத்தால் என்ன என்கிறார். நாங்கள் ஜனவரியில் செய்து பார்த்தோம். இரண்டாவது மாடி, மின்தூக்கி இல்லை. அப்பாவுக்குத் திண்ணை இல்லை, பேச ஆள் இல்லை, செய்தித்தாளை மூன்று தடவை படித்தார். அம்மாவுக்கு என் சமையலறையில் எது எங்கே என்று தெரியவில்லை, அதைக் கேட்கவும் கூச்சப்பட்டாள். ஒன்பதாம் நாள் கிளம்பிவிட்டார்கள். எல்லார் வீட்டிலும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் கீழ்த்தளமும் பக்கத்தில் ஒரு கோயிலும் இருந்தால் நன்றாக அமையலாம்.

எங்கள் ஏற்பாடு இந்த வருடம்: 18 நாள் மட்டும். முதல் பாதி நான், இரண்டாம் பாதி என் கணவர், ஒருவர் எப்போதும் அங்கே. பாத்திரத்துக்கும் துணிக்கும் ஒரு அக்காவை அம்மாவே பார்த்து வைத்திருக்கிறாள், சம்பளம் நாங்கள். அம்மா முதலில் வேண்டாம் என்றாள். "பிள்ளைகளுக்காக" என்றபோது மறுத்தாள், "உன் முழங்காலுக்காக" என்றபோதும் மறுத்தாள். "எனக்காக" என்றதும் சரி என்றாள்.

முன்பதிவு இப்போது 60 நாள்தான், போன நவம்பரிலிருந்து. மேலே 120 என்று எழுதியதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மகனுக்கு 5 முடிந்துவிட்டது, அவனுக்கும் முழு டிக்கெட்.

11 மே 2025

கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். மத்தியானம் மணி மூன்று.

போன வருட நாட்காட்டியின் பின்னட்டையை அம்மா தூக்கிப்போடவில்லை. பழைய வரிகளை அடித்துவிட்டு எழுதிய நான்கு வரி அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே மகள் தன் கையெழுத்தில் ஐந்தாவதாக எழுதியிருக்கிறாள்: "2 மணி முதல் 4 மணி வரை ஆச்சி தூங்க வேண்டும்." யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

சற்று முன் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். மகன் தார்சா கதவில் நின்றுகொண்டு உதட்டில் விரலை வைத்து, "ஆச்சி ஒறங்குதாவ, அப்புறமா வாங்க" என்றான். சென்னையில் பிறந்தவன் வாயில் "ஒறங்குதாவ" எப்போது ஏறியது என்று தெரியவில்லை.

12 மே 2025

கூழ்வற்றல் அளவு கேட்டவருக்கு: ஒரு பங்கு பச்சரிசி மாவுக்கு ஆறு பங்கு தண்ணீர். பச்சை மிளகாய் அரைத்த விழுது, சீரகம், எலுமிச்சைச் சாறு கடைசியில். உப்பு கூழில் கொஞ்சம் குறைவாகத் தெரிய வேண்டும், காய்ந்தால் ஏறிவிடும். இந்த வருடம் கிண்டியது நான்தான். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து பதம் சொன்னாள். முதல் ஈடு கட்டி தட்டிவிட்டது, அதைப் பிள்ளைகளே தின்றுவிட்டார்கள். இரண்டாவது ஈடு மாடியில் காய்கிறது.